அறையைக் காலி செய்யும் ஆணையம்

முந்நூற்று நாற்பத்தொரு நாளாக நெரிஸ் ப்ரோபர்ட் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தாள். அதில் பெரிய சிரமம் ஏதும் இருக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

இன்று கேட்கலாம் என்றார்கள். அதனால் லெமிங்டனில் முதல் ரயிலைப் பிடித்து லண்டன் வந்து, நியாயப் போட்டி ஆணையத்தின் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழையும் வரிசையில் நின்றிருந்தாள். குடை நனைந்திருந்தது. அதை உள்ளே கொண்டுபோகலாமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

விவகாரம் இதுதான். ஆல்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியும் மிசாகி என்ற ஜப்பான் கம்பெனியும் டிவியில் மாட்டி விளையாடும் பெட்டிகள் செய்கின்றன. இருபது வருடமாக இரண்டுக்கும் ஆகாது. பெட்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் அதனால் ஒருவருக்கொருவர் ஆகாது. 'கடைசிக் காவல்' என்ற துப்பாக்கி விளையாட்டை இரண்டு பெட்டியிலும் சேர்த்து நாலு கோடிப் பேர் விளையாடுகிறார்கள். அதை வெளியிடும் பெரெக்ரின் கம்பெனியை இப்போது ஆல்டர் முழுசாக வாங்கப் போகிறது. வாங்கியதும் விளையாட்டைத் தன் பெட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் என்று மிசாகி புகார் கொடுத்தது. அப்படிச் செய்ய மாட்டோம், மிசாகிக்கும் பத்து வருடம் தருவோம் என்று ஆல்டர் வாக்குறுதி கொடுத்தது. அந்த வாக்குறுதியை நம்பலாமா என்று ஆணையம் விசாரித்துக்கொண்டிருந்தது.

நெரிஸ் பெரெக்ரினில் மிசாகிக் குழுவின் தலைவி. விளையாட்டை மிசாகி பெட்டியில் ஓடும்படி செய்வது அந்தக் குழுவின் வேலை. அதில் எட்டு பேரை வேலைக்கு எடுத்தவள் அவள். ஆல்டரின் வாக்குறுதி நிறைவேறினால் எட்டு பேருக்கும் பத்து வருடத்துக்குக் கவலையில்லாத வேலை என்று அவளுடைய மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதுவரை வாயைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னார். அவள் இரண்டையும் எட்டு பேரிடமும் சொன்னாள். நெரிஸ் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பதால், அவள் சொன்னதை அவர்கள் அப்படியே நம்பினார்கள்.

வாசலில் காவலர் அவள் கழுத்தில் பச்சை நாடா ஒன்றை மாட்டினார்.

"பச்சைன்னா பெரெக்ரின். ஆரஞ்சு ஆல்டர். சாம்பல் கலர் மிசாகி. கழட்டாத கண்ணு. கழட்டினா நீ யார்னு எங்களுக்கே தெரியாம போயிடும்."

"குடையை என்ன செய்யட்டும்?"

"குடைக்கு நாடா கிடையாது. அது இங்கயே இருக்கட்டும்."

கட்டடத்தில் மூன்று லிஃப்ட். ஒரு நிறத்துக்கு ஒன்று. போட்டியாளர்கள் லிஃப்டில் பேசி விலையைக் கூட்டிவிடக் கூடாது என்று இந்த ஏற்பாடு. அன்று மிசாகியின் லிஃப்ட் பழுது. மிசாகிக்காரர்கள் ஒன்பது மாடியும் படியேறி வந்து, மூச்சு வாங்கியபடியே ஆட்சேபம் எழுப்பினார்கள். எனவே விசாரணை லிஃப்டைப் பற்றித் தொடங்கியது.

ஆணையத்தின் தலைவர் சர் லயனல் டிரஸ்காட் எழுபது வயதுக்காரர், அன்பானவர், எதற்கும் தலையாட்டுவார். தன் வலப்பக்கம் இருந்த உறுப்பினர், பொருளாதார நிபுணர் டாக்டர் ஃபென்விக்கிடம் கேட்டார்: "லிஃப்டும் மாடிப்படியும் ஒரே சந்தையா, வேற வேற சந்தையா?"

"கீழ போறப்ப ஒரே சந்தைங்கய்யா," என்றார் ஃபென்விக். "மேல வர்றப்ப வேற. வயசை வெச்சும் மாறும்."

இதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பிப் போகும்போது மிசாகிக்காரர்கள் ஆல்டரின் லிஃப்டைப் பயன்படுத்தலாம், ஆனால் ஆல்டர்காரர்கள் அதில் இருக்கக் கூடாது என்று முடிவானது. ஆல்டர் மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டது.

பிறகு சர் லயனல் தொடக்க உரை ஆற்றினார்.

"இந்த ஆணையம் எப்பவும் அவசரப்படாது. அதுல எங்களுக்குப் பெருமை. பழைய சிமென்ட் வழக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரெண்டு கம்பெனி ஒண்ணா சேரலாமான்னு விசாரிச்சோம். ஆறு வருஷம். நாங்க தீர்ப்பு எழுதி முடிக்கறதுக்குள்ள ரெண்டு கம்பெனியும் மூடிட்டாங்க. போட்டிக்கு ஒரு கீறல்கூட விழல."

மூன்று நிறத்தாரும் கைதட்டினார்கள். நெரிஸும் தட்டினாள். தட்ட வேண்டுமா என்று பக்கத்தில் இருந்த வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான் தட்டினாள்.

பெரெக்ரினின் வக்கீல் மிஸ் லாங்க்ரிஷ். போன வாரம் முழுக்க அவள் நெரிஸுக்குப் பயிற்சி கொடுத்திருந்தாள். மொத்தம் மூன்று பதில்கள். 'ஆமாம்.' 'எனக்குத் தெரிந்தவரை சரி.' 'அது என் பொறுப்பில் வராது.' இந்த மூன்றில் அடங்காத கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவள் உறுதி சொல்லியிருந்தாள். பயிற்சியின் நடுவில் ஒருமுறை நெரிஸ், "குழுவைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று தொடங்கியபோது மிஸ் லாங்க்ரிஷ் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குத் தெரிய வேண்டாதது எதையும் என்கிட்ட சொல்லாதீங்க நெரிஸ். தெரிஞ்சா நான் அதை மறைக்கிறதா ஆயிடும். தெரியலன்னா நான் வெறும் வக்கீல்."

டாக்டர் ஃபென்விக் எழுந்து பதினோரு மாதமாகத் தான் செய்த ஆய்வை விளக்கினார். மூவாயிரம் பேரிடம் கேட்ட கேள்வி: 'கடைசிக் காவல் உங்கள் பெட்டியில் இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள்?' சிலர் மற்ற பெட்டிக்கு மாறுவோம் என்றார்கள். சிலர் வேறு விளையாட்டு ஆடுவோம் என்றார்கள். நூற்றுக்குப் பதினோரு பேர், வெளியே போவோம் என்றார்கள்.

"ஆகவே 'வெளியே' என்பது இந்தச் சந்தையில மூணாவது பெரிய போட்டியாளர்," என்றார் ஃபென்விக்.

சர் லயனல் குறித்துக்கொண்டார். "இந்த 'வெளியே' யாருக்குச் சொந்தம்?"

"இப்போதைக்கு யாருக்கும் இல்லங்கய்யா."

"அவங்களுக்கு விசாரணை அறிவிப்பு அனுப்பினோமா?"

"முகவரி கிடைக்கல."

ஆல்டரின் மூத்த துணைத் தலைவர் ட்ரென்ட் ஹோல்கம் எழுந்தார். கோட்டுக்குக் கீழே ஓட்டப் பயிற்சி ஷூ போட்டிருந்தார். "வெளியேங்கறது எங்களுக்குப் பெரிய அச்சுறுத்தல்தான் ஐயா. விலையே கிடையாது. படம் தெளிவா இருக்கு. இங்கிலாந்துல மட்டும்தான் அடிக்கடி நின்னுபோகுது." மழையைச் சொன்னார். எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள். மிசாகியின் வக்கீல் எழுந்து, இந்தச் சிரிப்பு ஆல்டருக்குச் சாதகமாகப் பதிவாகக் கூடாது என்றார்.

அடுத்து செயல்முறை விளக்கம். சர் லயனல் இதுவரை எந்தப் பெட்டியிலும் விளையாடியதில்லை. விளையாடாமல் இருப்பதே நடுநிலைக்கு நல்லது என்று இதுநாள் வரை கருதியிருந்தார். இருந்தாலும் இரண்டு பெட்டியையும் மேசைமேல் வைத்தார்கள். மிசாகி பெட்டி உயிர்பெற்றதும், புதிய கோப்பு ஒன்றை இறக்க வேண்டும், பதினேழு மணி நேரம் ஆகும் என்றது. ஆணையத்தின் இணையத்தில் விளையாட்டுகளுக்குத் தடை இருந்தது. தடையை நீக்க வேறொரு ஆணையத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.

"அப்ப எப்படி ஒப்பிடறது?" என்றார் சர் லயனல்.

"எடை போடலாம்," என்றார் மூன்றாவது உறுப்பினர் திருமதி ஹெப்பிள். அன்று அவர் பேசிய முதல் சொல் அதுதான்.

எடை போட்டார்கள். இருநூறு கிராம் வித்தியாசம் இருந்தது. ஆல்டர் பெட்டியில் சர் லயனல் பயிற்சிச் சுற்றில் இறங்கி, தன் கையெறி குண்டாலேயே மூன்று முறை செத்துப்போனார். இந்த விளையாட்டு இருபாலருக்கும் எல்லா வயதினருக்கும் சம அளவில் கடினமானது என்று பதிவு செய்யச் சொன்னார். அது ஆல்டர் பெட்டியைப் பற்றியதா, விளையாட்டைப் பற்றியதா, சர் லயனலைப் பற்றியதா என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு நெரிஸைக் கூப்பிட்டார்கள்.

சபை எழுத்தர் மில்வார்ட் ஒல்லியான மனிதர். கையில் பித்தளை மணி வைத்திருந்தார். விதியை அவர் நெரிஸுக்குச் சொன்னார்: "ஒரு கம்பெனியோட ரகசியம் வரப்போகுதுன்னா நான் மணி அடிப்பேன். அதைக் கேட்கக் கூடாதவங்க எழுந்து வெளியே போயிடுவாங்க. நீங்க பதில் சொல்லலாம். முடிஞ்சதும் மறுபடி அடிப்பேன், உள்ளே வந்துடுவாங்க. பயப்படாதீங்கம்மா, போன வழக்குல ஒரே நாள்ல அறுபது தடவை அடிச்சேன். கைதான் வலிச்சுது."

"பெரெக்ரின்ல எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று சர் லயனல் கேட்டார்.

மணி அடித்தது. மிசாகிக்காரர்களும் ஆல்டர்காரர்களும் எழுந்து போனார்கள். பெரெக்ரின் யாரை எத்தனை காலம் வைத்துக்கொள்கிறது என்பது வியாபார ரகசியம்.

"பதினாலு வருஷங்க."

மணி அடித்தது. அவர்கள் திரும்பி வந்தார்கள். "சாட்சி ஒரு எண் சொன்னார்," என்று மில்வார்ட் அவர்களுக்கு அறிவித்தார். ஹோல்கம் அதைக் குறித்துக்கொண்டார்.

"வேலையை ஒரு தனி இயந்திரத்துல வெச்சுச் சோதிப்பீங்கன்னு கேள்விப்பட்டோம். மிசாகி கொடுக்கறதாமே. அது என்ன மாதிரி?"

மணி அடித்தது. இது மிசாகியின் ரகசியம். இப்போது ஆரஞ்சும் பச்சையும் வெளியே போயின. மிஸ் லாங்க்ரிஷும் போனாள். மில்வார்ட் நெரிஸைப் பார்த்தார்.

"நீங்களும் பச்சைதானே."

"பதில் சொல்ல வேண்டியது நான்தாங்க."

மில்வார்ட் சர் லயனலைப் பார்த்தார். சர் லயனல் கொஞ்சம் யோசித்தார். "அவங்க சொல்லலாம். ஆனா சொல்றப்ப கவனிக்கக் கூடாது. மனசுல ஏத்திக்காம சொல்லுங்கம்மா."

நெரிஸ் ஜன்னலைப் பார்த்தபடி பதில் சொன்னாள். மணி அடித்தது, போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

"உங்க குழு எங்க உட்காருது?"

மணி. போனார்கள்.

"லெமிங்டன்ல, ரெண்டாவது மாடிங்க."

மணி. வந்தார்கள். "சாட்சி ஓர் இடத்தைச் சொன்னார்."

அந்த இரண்டாவது மாடியில் ஆள் அசையாவிட்டால் விளக்கு தானே அணைந்துவிடும். நாளைக்கு ஐந்தாறு முறை நெரிஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி ஆட்டுவாள். அதை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மதியம் தேநீருக்கு விட்டார்கள். நடைவழியில் மூன்று மேசைகள், ஒவ்வொன்றிலும் அந்தந்த நிறத் துணி. ஒரு மேசைக்காரர் இன்னொரு மேசைக்கு அருகில் போகக் கூடாது என்று தரையில் கோடு போட்டிருந்தார்கள். மூன்று மேசையிலும் ஒரே கம்பெனி, ஒரே வகை பிஸ்கட். வேறு பிஸ்கட் கிடைக்குமா என்று மிசாகியின் ஆள் ஒருவர் கேட்டதற்கு, ஆணையத்துக்கு பிஸ்கட் கொடுக்கும் உரிமை பதினெட்டு வருடமாக ஒருவருக்கே இருக்கிறது, மாற்றினால் குழப்பம் வரும் என்று மில்வார்ட் பதில் சொன்னார்.

நெரிஸின் கைபேசி ஒலித்தது. ஓரன். அந்த எட்டு பேரில் ஒருவன். பெரெக்ரினில் சேர்ந்தபோது இருபத்து மூன்று வயது. இப்போது வீட்டில் ஆறு மாதக் குழந்தை.

"என்ன ஆச்சு தலைவி? லண்டன் போயி ராணியைப் பார்த்தாச்சா?"

"இன்னும் முடியல ஓரன்."

"எனக்கு இடைவேளை பத்து நிமிஷம்தான். சீக்கிரம் சொல்லு. நம்மளைப் பத்தி கேட்டாங்களா?" அவன் பின்னால் ஏதோ வண்டி பின்னுக்கு நகரும் பீப் சத்தம் விடாமல் கேட்டது.

"எங்க உட்காருதுன்னு கேட்டாங்க."

ஓரன் சிரித்தான். நீளமாக, கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். "நல்ல கேள்வி. நீ என்ன சொன்ன?"

"ரெண்டாவது மாடின்னேன்."

"அது சரி." சிரிப்பு நின்றது. "இங்க பாரு நெரிஸ், எட்டு பேரும் உன்னைத்தான் நம்பிட்டு இருக்கோம். நம்ம மாக்டாகூட நேத்து கேட்டா, வாக்குறுதி எழுத்துல வந்துடுச்சுன்னா அப்புறம் யாராலயும் மாத்த முடியாதில்லன்னு. முடியாதுன்னு சொன்னேன். சரிதானே?"

"சரி," என்றாள் நெரிஸ்.

"போறேன். மேஸ்திரி முறைக்கிறான்."

பிற்பகலில் வாக்குறுதி. ஹோல்கம் எழுந்து நின்றார். கையில் காகிதம் எதுவும் இல்லை. இந்த உரையை இதற்கு முன் ஏழு நாடுகளில் ஆற்றியிருந்தார்.

"நாங்க பெட்டி விக்கறவங்க இல்ல ஐயா. சந்தோஷத்தைக் கொடுக்கறவங்க. ஒரு குழந்தை எந்தப் பெட்டிக்கு முன்னால உட்கார்ந்திருக்குன்னு நாங்க பார்க்கறதில்ல. மிசாகி பெட்டிக்கு முன்னால உட்கார்ந்திருந்தா வருத்தமா இருக்கும். ஆனா பார்க்க மாட்டோம். பத்து வருஷம். மிசாகி பெட்டிக்கு வர்ற கடைசிக் காவல், எங்க பெட்டிக்கு வர்ற அதே நாள்ல வரும். அதே விலை. அதே தரம். இது ஆல்டரோட வாக்கு."

மிசாகியின் வக்கீல் கேட்டார்: "அந்தப் பதிப்பை யார் செய்வாங்க? அதுக்கு ஆளும் நேரமும் ஒதுக்குவீங்கன்னு வாக்குறுதியில ஒரு வரிகூட இல்லையே."

ஹோல்கம் புன்னகைத்தார். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "வர்ற பதிப்புன்னு எழுதியிருக்கோம். வர்ற பதிப்புக்கு எல்லா உறுதியும் உண்டு. வராத பதிப்புக்கு நாங்க எப்படித் தரத்துக்கு உறுதி கொடுக்க முடியும்? இல்லாத ஒண்ணைப் பத்தி வாக்குக் கொடுத்தா அது ஏமாத்து வேலை. ஆல்டர் அதைச் செய்யாது."

"அப்ப பதிப்பே வரலன்னா?"

"வரலன்னா, அதே தரத்துல வரல. அதே நாள்ல வரல. வாக்குறுதி மீறப்படல."

சர் லயனல் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரிஞ்சு இந்த அறையில இவ்வளவு நேர்மையான பதிலை யாரும் சொன்னதில்ல," என்றார். டாக்டர் ஃபென்விக் தன் கணக்கு அதற்கு இடம் கொடுக்கிறது என்றார். வராத பதிப்பின் விலை பூஜ்யம். விலை கூடினால்தான் ஆணையத்துக்கு வேலை.

நெரிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் எட்டு பேரிடம் சொன்னது இதுவல்ல. பதிப்பு வரும், வர வேண்டும் என்று எழுதப்படும், எழுதினால் ஆள் தேவைப்படும் என்று சொல்லியிருந்தாள். ஹோல்கம் சொன்ன அந்த வாக்குறுதிக்கு ஆளே தேவையில்லை. ஆள் இல்லாவிட்டால் அது இன்னும் சுலபமாக நிறைவேறும்.

"இது எங்ககிட்ட சொன்னது இல்லையே," என்று மிஸ் லாங்க்ரிஷின் காதில் சொன்னாள்.

"நான் எதுவும் சொல்லலையே," என்றாள் மிஸ் லாங்க்ரிஷ். "கடைசியா ஒரு கேள்வி கேட்பாங்க. உங்க பதில் 'ஆமாம்'. அதுக்கப்புறம் வீட்டுக்குப் போகலாம். நாலேகாலுக்கு ஒரு ரயில் இருக்கு, நான் பார்த்து வெச்சிருக்கேன்."

சர் லயனல் நெரிஸைப் பார்த்து அன்பாகக் கேட்டார். "வாக்குறுதியை நிறைவேத்த உங்க குழு தயாரா இருக்காம்மா?"

அறை காத்திருந்தது. ஆரஞ்சு, சாம்பல், பச்சை எல்லா முகமும் அவளை நோக்கி இருந்தன. நெரிஸுக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில்கூடக் கையைத் தூக்கியதில்லை.

"ஐயா, பதிலுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள். "குழுவைப் பத்தி."

மில்வார்ட் மணி அடித்தார்.

மிசாகிக்காரர்கள் முதலில் எழுந்தார்கள். பெரெக்ரினின் உள்விவகாரம் அவர்கள் காதில் விழக் கூடாது. ஆல்டர்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மில்வார்ட் அவர்களையும் பார்த்தார்.

"நாங்க எதுக்கு?" என்றார் ஹோல்கம். "வாங்கப்போறது நாங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கக் கூடாதா?"

"வாங்கின பிறகு தெரிஞ்சுக்கலாம். வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சா நீங்க ரெண்டு பேரும் கூட்டுச் சதி பண்ணதா ஆயிடும்."

ஹோல்கம் போனார். மில்வார்ட் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "மிசாகிக் குழுங்கறப்ப, அது மிசாகியோட ஒப்பந்தத்துலயும் வருது. அந்தப் பாதி மிசாகியோட ரகசியம். பச்சையும் வெளியே போகணும்."

மிஸ் லாங்க்ரிஷ் அவர் முடிப்பதற்குள் கதவருகில் இருந்தாள்.

உறுப்பினர்கள் மூவரும் சுருக்கெழுத்தாளரும் மில்வார்டும் மிஞ்சினார்கள். "இப்ப சொல்லுங்கம்மா," என்றார் சர் லயனல்.

டாக்டர் ஃபென்விக் கையைத் தூக்கினார். "ஐயா, ஒரு சின்னத் தொந்தரவு. உண்மைகளை ஏத்துக்கற கடைசித் தேதி போன செவ்வாய்க்கிழமையோட முடிஞ்சுது. இப்ப ஒரு புது உண்மை என் காதுல விழுந்தா கணக்கை முதல்லேர்ந்து போடணும். இன்னும் பதினோரு மாசம். நான் கேட்காம இருக்கறதுதான் ஆணையத்துக்கு நல்லது."

"நியாயம்," என்றார் சர் லயனல். ஃபென்விக் போனார்.

திருமதி ஹெப்பிள் கைப்பையை எடுத்துக்கொண்டார். "என் பேரன்கிட்ட மிசாகி பெட்டி இருக்கு. முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கேன். மிசாகி சம்பந்தமா ஏதாவது வந்தா நான் ஒதுங்கிக்கணும்." கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தார். "நல்ல பையன். வெளியவே போக மாட்டான்."

சர் லயனல் தனியாக நடுநாற்காலியில் இருந்தார். இடமும் வலமும் பார்த்தார். "மூணு பேர் இருந்தாத்தான் ஆணையம். நான் ஒருத்தனா கேட்டா அது வெறும் பேச்சு. ரெண்டு பேர் பேசிக்கிட்டிருந்தாங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும்." வருத்தத்தோடு எழுந்தார். "ஆனா உங்களைப் பேச விடலன்னு யாரும் சொல்லக் கூடாது. நீங்க தாராளமா பேசுங்க."

சுருக்கெழுத்தாளர் தான் ஒப்பந்த ஊழியர் என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை மூடினார். மில்வார்ட் கடைசியாகப் போனார்.

"கதவைச் சாத்திட்டுப் போறேம்மா. சொல்லி முடிச்சதும் வெளியே வந்து, சொல்லிட்டேன்னு மட்டும் சொல்லுங்க. சாட்சி ஒரு விஷயத்தைச் சொன்னார்னு பதிவு பண்ணிக்கறோம். அதுக்கப்புறம் ஆமாம்னு ஒரு பதில், அவ்வளவுதான்."

கதவு மூடிக்கொண்டது.

நெரிஸ் காலி நாற்காலிகளைப் பார்த்தாள். மேசைமேல் இரண்டு பெட்டிகளும் தராசும் இருந்தன. மிசாகி பெட்டி, மீதம் பதினாறு மணி நேரம் என்று காட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்து எதை இறக்குகிறது என்று தெரியவில்லை.

இங்கே சொல்லிவிடலாம். சொன்னால் அது பொய்யில்லை. வெளியே போய், சொல்லிவிட்டேன் என்றால் அதுவும் பொய்யில்லை. ஹோல்கமின் வாக்குறுதி போலவே எல்லாம் சரியாக இருக்கும். மேலாளர் குறை சொல்ல மாட்டார். புதிய கம்பெனியில் அவளுக்கு ஓர் இடம் இருக்கும், அதையும் சொல்லியிருந்தார்கள். நாலேகால் ரயில் கிடைக்கும். இரவு ஓரன் கூப்பிட்டுக் கேட்பான், நீ சொன்னியா என்று. சொன்னேன் என்று சொல்லலாம். மாக்டாவும் மற்றவர்களும் இன்னும் கொஞ்ச நாள் காத்திருப்பார்கள். பிறகு ஒருநாள் காத்திருப்பதை நிறுத்திவிடுவார்கள். எந்த நாள் என்று அவளுக்குத் தெரியவராது.

அவள் பச்சை நாடாவைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள்.

நடைவழியில் எல்லோரும் அவரவர் மேசையருகே, கோட்டுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். ஆணையத்தாருக்கு மேசை இல்லை; சுவரோரம் நின்றிருந்தார்கள்.

"சொல்லியாச்சாம்மா?" என்றார் மில்வார்ட், பேனாவை எடுத்தபடி.

"இல்லங்க."

"ஏம்மா? யாரும் தடுக்கலையே," என்றார் சர் லயனல்.

"கேட்கறதுக்கு ஆள் இருக்கற இடத்துல சொல்லலாம்னு பார்த்தேங்க."

சர் லயனல் புண்பட்டவர்போலத் தெரிந்தார். "இது நடைவழிம்மா. இங்க சொல்றது சாட்சியம் ஆகாது. சும்மா பேச்சுதான்."

"சாட்சியம் இல்லன்னா ரகசியமும் இல்லதானேங்க?"

எல்லோரும் மில்வார்டைப் பார்த்தார்கள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு பக்கம் முன்னால், இரண்டு பக்கம் பின்னால். "நடைவழியைப் பத்தி விதி எதுவும் இல்லங்கய்யா," என்றார். குரல் சன்னமாக இருந்தது. "இதுவரைக்கும் யாரும் இங்க எதுவும் சொன்னதில்ல."

மிஸ் லாங்க்ரிஷ் கோப்பையை வைத்தாள். "நெரிஸ், வேண்டாம். இருநூறு பேர் வேலை பார்க்கற இடம் அது. இந்த விற்பனை நின்னா உங்களால நின்னுதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்," என்றாள் நெரிஸ். முதல் சொல் சரியாக வெளிவராததால், தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். டாக்டர் ஃபென்விக் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"மிசாகிக் குழுன்னு ஒண்ணு இல்லங்க. எட்டு பேரையும் போன மார்ச் மாசமே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அந்த மாடியில நான் ஒருத்திதான் இருக்கேன். கடைசிக் காவலை மிசாகி பெட்டிக்கு இப்ப யாரும் செய்யல."